சார்ட்டில் நிழலும் ஓரக்கோடும்: டர்பனில் ஒரு கண்காட்சிக்காக நான் பட்ட பாடு

பைத்தான் நிரலால் சார்ட் வரைய உதவும் மேட்பிளாட்லிப் என்ற லைப்ரரியில் ஒரு சார்ட் போட ஆயிரம் பாடங்கள் கிடைக்கும். ஆனால் அந்தச் சார்ட்டில் எழுத்துக்கு ஓரக்கோடு, பட்டைக்கு நிழல், கோட்டைச் சுற்றி ஒளி என்று அழகு சேர்த்து, தமிழ் எழுத்தோடு பெரிய பலகையில் அச்சடித்துச் சுவரில் மாட்டுவதென்றால் வழியில் என்னென்ன நிற்கும் என்று எனக்கு முன்கூட்டிச் சொல்ல ஒருவரும் இல்லை. எல்லாவற்றையும் தனியாக முட்டி மோதித்தான் தெரிந்துகொண்டேன். கைக்காசு 4,000 ரேண்டுக்கு மேல் போனது, பல வாரங்களின் இரவுத் தூக்கமும் போனது. அடுத்து இந்த வேலையில் இறங்குகிறவருக்கு அந்தச் செலவு வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நவம்பர் 16 நெருங்கினால் இந்திய வம்சாவளிச் சங்கங்கள் பரபரப்பாகிவிடும். 1860இல் அந்த நாளில்தான் ட்ரூரோ என்ற கப்பல் மெட்ராஸிலிருந்து 342 பேரோடு இங்கே வந்தது. அதிலிருந்து 1911 வரை 384 கப்பல் பயணங்களில் 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு வந்தார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் மெட்ராஸ் துறைமுகம் வழியாக வந்தவர்கள். நான் வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவள், சனிக்கிழமைகளில் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பில் உதவி செய்கிறேன். அங்கே சங்கத்துச் செயலாளர் அக்கா, "கம்ப்யூட்டர் வேலை தெரிஞ்ச பொண்ணு நீ. கப்பல் கணக்கையெல்லாம் படமாப் போட்டுத் தர முடியுமாம்மா? தமிழ்லயும் இருக்கணும், தாத்தா பாட்டிகளும் தூரத்திலிருந்து பார்த்துப் புரிஞ்சுக்கணும்" என்று கேட்டார். சந்தோஷமாக ஒத்துக்கொண்டேன். ஏ1 என்ற பெரிய தாள் அளவில் சில பலகைகள், ஆண்டுவாரியாக வந்தவர்களைக் காட்டும் ஒரு பட்டைப் படம், துறைமுகவாரியாக ஒரு கோட்டுப் படம், இன்னும் சில சின்னப் படங்கள். பைத்தானும் மேட்பிளாட்லிப்பும் எனக்குப் பழக்கம்தான். தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்று அக்கா சொன்ன அந்த ஒரு நிபந்தனைதான் என்னை இந்த அலங்கார வேலைகளுக்குள் கொண்டுபோனது.

மேட்பிளாட்லிப்பில் இதற்குப் பாத் எஃபெக்ட்ஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. எழுத்து, கோடு, பட்டை எதுவானாலும் அதற்கு ஒரு விளைவுப் பட்டியலைக் கொடுக்கலாம். லைப்ரரி அதே வடிவத்தைப் பட்டியலில் உள்ள வரிசைப்படி ஒன்றன்மேல் ஒன்றாக வரையும். இந்த "வரிசைப்படி" என்பதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஓரக்கோடு வரையும் ஸ்ட்ரோக் என்ற விளைவை மட்டும் வெள்ளை நிறத்தில் ஒரு கோட்டுக்குக் கொடுத்தால், அசல் கோடு காணாமல் போய்த் தடித்த வெள்ளைக் கோடு மட்டும் நிற்கும். எழுத்துக்குக் கொடுத்தால் ஓரக்கோடு எழுத்தின் உடலையே தின்றுவிடும். ஸ்ட்ரோக்குக்குப் பின்னால் நார்மல் என்பதையும் பட்டியலில் சேர்க்க வேண்டும், அப்போதுதான் அசல் வடிவம் மேலே வந்து உட்காரும். இரண்டையும் சேர்த்தே செய்ய வித்ஸ்ட்ரோக் என்று ஒன்று இருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓரக்கோட்டின் தடிமனில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அது வடிவத்தின் விளிம்பை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் பாதிப்பாதியாக விழுகிறது. உள்ளே விழும் பாதியை அசல் எழுத்து மறைத்துவிடுவதால், 3 பாயிண்ட் (அச்சு வேலையில் அளவு சொல்லும் அலகு) கொடுத்தால் வெளியே தெரிவது ஒன்றரைதான். கோட்டுக்குப் போடும்போது கோட்டின் சொந்தத் தடிமனையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். 2 பாயிண்ட் கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒன்றரை தெரிய வேண்டுமென்றால் ஸ்ட்ரோக்குக்கு 5 கொடுக்க வேண்டும். நிறத்தைப் பொறுத்தவரை, தமிழ் எழுத்துக்குப் பின்னணியின் நிறத்தையே ஓரக்கோட்டுக்கும் வையுங்கள். வெளிர் எழுத்துக்குக் கறுப்பு ஓரம் கட்டினால் ண, ஞ, ஐ போன்ற சுழி நிறைந்த எழுத்துகளின் உள்வெளிகள் அடைபட்டு மொத்தையாகிவிடும். ஆங்கில எழுத்தில் இது அவ்வளவாகத் தெரியாது, அதனால் ஆங்கிலப் பாடங்களில் காட்டும் கறுப்பு ஓரத்தை அப்படியே எடுத்துவந்தால் நமக்கு ஒத்துவராது. அளவோடு போட்ட ஓரக்கோடு, கோலத்தைச் சுற்றிக் காவி கட்டியது போல எழுத்தை எடுத்துக் காட்டும். கறுநீலப் பட்டைகளின் மேல் எண்கள் முதல்முறையாகத் தெளிவாகத் தெரிந்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

அந்த மகிழ்ச்சி தமிழ்த் தலைப்பைச் சேர்க்கும்வரைதான் நீடித்தது. முதலில் எல்லாமே கட்டம் கட்டமாக வந்தது. மேட்பிளாட்லிப்போடு வரும் டெஜாவு சான்ஸ் எழுத்துருவில் தமிழ் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழை நிறுவி அதன் பெயரைக் கொடுத்தேன். 2022இல் வந்த 3.6 பதிப்பிலிருந்து எழுத்துருக்களை ஒரு பட்டியலாகவே கொடுக்கலாம், ஒன்றில் இல்லாத எழுத்தை அடுத்ததிலிருந்து எடுத்துக்கொள்ளும். கட்டங்கள் போயின, ஆனால் எழுத்துகள் உடைந்து வந்தன. "மெட்ராஸ்" என்று எழுதினால் ஒற்றைக் கொம்பு ம-வுக்குப் பின்னால் போய் நின்று, அடுத்த எழுத்தோடு ஒட்டி "மடெ்ராஸ்" என்பது போலத் தெரிந்தது. "ஆண்டு" என்பதில் உகரம் டகரத்தோடு சேராமல் தனியாகத் தொங்கியது. காரணம் இதுதான்: யூனிகோடில் கொம்பு எப்போதும் மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது அதை முன்னால் நகர்த்துவதும், உகரத்தை மெய்யோடு இணைப்பதும் எழுத்துக் கோர்ப்பு மென்பொருளின் வேலை. நான் பயன்படுத்திய மேட்பிளாட்லிப் பதிப்பு அந்த வேலையைச் செய்யவில்லை, எழுத்துகளைச் சேமித்த வரிசையிலேயே அடுக்கிவைத்தது. எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்தே என் நாட்கள் ஓடிவிட்டன. இடையில் லோட்ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு வந்து இரண்டு மணி நேரம் இருட்டில் உட்கார்ந்திருக்கும்போது, எந்த எழுத்துரு என்றாலும் இது தீராது என்று யாராவது ஒரு வரி சொல்லியிருக்கக் கூடாதா என்று அழுகையே வந்தது. அந்த ஒரு வரியை இப்போது நான் சொல்கிறேன்: எழுத்துரு மாற்றிப் பயனில்லை, வெளியீட்டு வழியை மாற்றுங்கள்.

எனக்குக் கைகொடுத்தது எஸ்விஜி, உலாவியில் திறக்கக்கூடிய ஒரு படக்கோப்பு வடிவம். சாதாரணமாக மேட்பிளாட்லிப் எஸ்விஜியில் எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக மாற்றிவிடும். எஸ்விஜி எழுத்துரு வகை (svg.fonttype) என்ற அமைப்புக்கு "நன்" (none) என்ற மதிப்பைக் கொடுத்தால், எழுத்தை எழுத்தாகவே கோப்பில் வைக்கும். அந்தக் கோப்பை உலாவியில் திறந்தால் உலாவி தமிழைச் சரியாகக் கோர்த்துக் காட்டும், அங்கிருந்து பிடிஎஃப் ஆகச் சேமித்துக்கொள்ளலாம். கணினியில் அந்த எழுத்துரு இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இங்கேயும் ஒரு வாசலில் தலை இடித்தது. பாத் எஃபெக்ட்ஸ் சேர்த்த எழுத்தை மேட்பிளாட்லிப் எப்போதும் கோட்டு வடிவமாக்கித்தான் வரைகிறது. "நன்" என்று சொல்லியிருந்தாலும் ஓரக்கோடு போட்ட தலைப்பு மட்டும் பழையபடி உடைந்து வந்தது. (பிடிஎஃப்பிலும் இதே கதைதான். விளைவு சேர்த்த எழுத்தைத் தேடவோ நகலெடுக்கவோ முடியாது, திரைவாசிப்பான் பயன்படுத்துகிறவர்களுக்கும் அது எட்டாது.) அதனால் தமிழ் எழுத்துகளுக்கு மேட்பிளாட்லிப்பின் விளைவை அடியோடு விட்டுவிட்டேன். எஸ்விஜி கோப்பின் தொடக்கத்தில் ஒரு ஸ்டைல் பகுதி இருக்கும். அதில் எழுத்துகளுக்கு வெள்ளை ஸ்ட்ரோக், அதன் தடிமன், கூடவே பெயிண்ட் ஆர்டர் (paint-order) என்ற பண்புக்கு "ஸ்ட்ரோக்" என்ற மதிப்பு, இவற்றை எழுதினால் போதும். ஓரம் முதலில், எழுத்து அதன்மேல் என்று உலாவியே வரைந்துகொள்ளும். வித்ஸ்ட்ரோக் செய்யும் அதே வேலை, தமிழும் சிதையாது. கோப்பைக் கையால் திருத்தாமல், சேமித்த பிறகு அந்த வரிகளைச் செருகும் சின்ன பைத்தான் துண்டு ஒன்றை எழுதிவைத்துக்கொண்டேன். தரவு மாறும்போதெல்லாம் அது காப்பாற்றியது.

அடுத்தது நிழல். இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் இது அழகோடு நிற்கிற விஷயம் இல்லை. பட்டைகளுக்கு சிம்பிள் பேட்ச் ஷேடோ என்ற விளைவைக் கொடுத்திருந்தேன். அது வடிவத்தை வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் கொஞ்சம் நகர்த்தி, கறுத்த சாயலில், ஒளி ஊடுருவும்படி ஒரு பிரதியை வரையும். பெரிய பலகைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று நகர்த்தும் அளவைக் கூட்டியிருந்தேன். சாதாரணத் தாளில் எடுத்த ஒரு மாதிரியை வகுப்புக்குக் கொண்டுபோனபோது, ஓய்வுபெற்ற ஆசிரியரான ஒரு தாத்தா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அப்புறம், "1867லயும் கப்பல் வந்துச்சாம்மா?" என்று கேட்டார். "இல்லையே தாத்தா, 1866க்கு அப்புறம் 1874லதானே மறுபடி வந்தது" என்றேன். அவர் விரலை வைத்த இடத்தில் 1866ஆம் ஆண்டுப் பட்டையின் நிழல் 1867ஆம் ஆண்டின் இடத்துக்குள் விழுந்து, மங்கலான ஒரு சின்னப் பட்டை போலவே நின்றுகொண்டிருந்தது.

அந்த வெற்றிடம் ஏதோ தரவு கிடைக்காமல் விட்ட இடைவெளி இல்லை. இந்தியாவிலிருந்து ஆட்கள் வருவது உண்மையாகவே நின்றுபோன ஆண்டுகள் அவை. நேட்டாலில் பொருளாதாரம் படுத்திருந்தது. ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியவர்கள் தாங்கள் பட்ட கொடுமைகளைச் சொன்னார்கள், 1872இல் இங்கே விசாரணை ஆணையம் வைத்தார்கள், அதற்குப் பிறகுதான் 1874இல் கப்பல்கள் மறுபடி வந்தன. அந்த மக்கள் வாய் திறந்து முறையிட்டதன் தடயம் என் படத்தில் அந்தக் காலி இடமாகத்தான் இருந்தது. அதன் மேல் ஓர் அலங்கார நிழல் விழுந்து, வராத கப்பலை வந்ததாகக் காட்டியதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. அன்றைக்கே எல்லாப் பட்டைகளிலிருந்தும் நிழலை எடுத்துவிட்டேன். அலங்காரம் விழும் இடத்தில் வாசகர் ஒரு மதிப்பைப் படிக்க வாய்ப்பிருந்தால் அங்கே அலங்காரம் வேண்டாம் என்று அதிலிருந்து ஒரு வரம்பு வைத்துக்கொண்டேன். நிழல் வேண்டுமென்றால் விளக்கப் பெட்டிக்கோ தலைப்புப் பெட்டிக்கோ போடலாம், அவற்றின் விளிம்பு எந்த எண்ணையும் சொல்வதில்லை. கோட்டைச் சுற்றி ஒளி கசிவது போலக் காட்ட, ஒரே கோட்டைத் தடிமன் கூட்டிக் கூட்டி மிக மெல்லிய நிறத்தில் பலமுறை வரைவார்கள். அதிலும் இதே ஆபத்து உண்டு. பூஜ்யத்தை ஒட்டி ஓடும் கோட்டில் அந்த ஒளி, மதிப்பு கொஞ்சம் மேலே இருப்பதாகக் காட்டிவிடும். படச்சட்டத்தின் ஓரத்தில் ஒளி பாதியில் வெட்டுப்பட்டும் போகும். வெட்டாமல் இருக்க கிளிப் ஆன் என்ற அமைப்பை அணைக்க வேண்டும்.

பட்டைப் படத்தில் தாத்தா காப்பாற்றிவிட்டார். அதற்கு முன்பே அச்சகத்துக்குப் போயிருந்த ஆங்கிலப் பலகைகளைக் காப்பாற்ற யாரும் இல்லை. தமிழ்ப் பலகைகள் தயாராகாததால் அவற்றை முதலில் கொடுத்திருந்தேன். அச்சகத்தார் இபிஎஸ் என்ற போஸ்ட்ஸ்கிரிப்ட் வகைக் கோப்புதான் வேண்டும் என்றார்கள். மேட்பிளாட்லிப்பில் இபிஎஸ் ஆகச் சேமிப்பது ஒரு சொல்லை மாற்றுகிற வேலைதான், மாற்றி அனுப்பினேன். ஃபோம் போர்டில் ஒட்டி வந்த பலகைகளைப் பிரித்துப் பார்த்தால், கோடுகளுக்குக் கீழே மென்மையாக இருக்க வேண்டிய நிழல்கள் அழுத்தமான கறுப்புக் கோடுகளாக நின்றன. போஸ்ட்ஸ்கிரிப்ட் வடிவத்தில் மேட்பிளாட்லிப்பால் ஒளி ஊடுருவும் நிறத்தைச் சேமிக்க முடியாது. பாதி ஊடுருவும் எதையும் முழுக் கெட்டியாக வரைந்துவிடும். சேமிக்கும்போது அதைச் சொல்லும் எச்சரிக்கை ஒன்று வரத்தான் செய்கிறது, மற்ற நூறு வரிகளுக்கு நடுவில் அது ஓடிப் போய்விடுகிறது. அந்தப் பலகைகளுக்கு 2,400 ரேண்ட் கொடுத்திருந்தேன். "நீங்க கொடுத்ததைத்தான் அடிச்சோம்" என்றார்கள். பணத்தைவிட, செயலாளர் அக்காவிடம் அதை எப்படிக் காட்டுவது என்ற கூச்சம்தான் பெரிதாக இருந்தது. அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, "திரும்பப் போட்டுக்கலாம்மா, சாப்பிட்டியா?" என்றுதான் கேட்டார்.

அடுத்த சுற்றுக்குப் பிடிஎஃப் வாங்கும் அச்சகத்தைத் தேடிப் பிடித்தேன். பிடிஎஃப்பில் ஊடுருவும் நிறம் சரியாக வரும். ஆனால் கோட்டுப் படத்துக்கு நான் வைத்திருந்தது ஓரம் மங்கிய நிழல். பாத் எஃபெக்ட்ஸில் உள்ள நிழல்கள் எல்லாம் ஓரம் கூர்மையானவை, மங்கல் வேண்டுமென்றால் ஆக் ஃபில்டர் (agg_filter) என்ற வேறொரு வழியில் போக வேண்டும். அது பிக்ஸல்களை எடுத்துக் கலைத்துத் தரும் வேலை, அதனால் பிக்ஸல் படமாகச் சேமிக்கும்போது மட்டும்தான் நடக்கும். பிடிஎஃப்புக்குப் போனால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் மங்கலை விட்டுவிட்டு, நிழலுக்காக வரைந்த கோட்டைக் கூர்மையாகவே வைத்துவிடும். மெட்ராஸ் கோட்டுக்குப் பக்கத்தில் அதே வளைவோடு இன்னொரு சாம்பல் கோடு ஓடியது, கூடுதலாக இன்னொரு துறைமுகம் இருந்தது போல. இந்த முறை அச்சுக்குப் போகும் முன் கோப்பைப் பெரிதாக்கிப் பார்த்ததால் தப்பித்தேன். தீர்வு சின்னதுதான்: அந்த நிழல் கோட்டுக்கு மட்டும் ராஸ்டரைஸ்டு என்ற அமைப்பை ஆன் செய்துவிட்டால், பிடிஎஃப்புக்குள் அந்தப் பகுதி மட்டும் பிக்ஸல் படமாக உட்காரும், மற்றதெல்லாம் கோட்டு வடிவமாகவே இருக்கும். அதன் நுணுக்கம் சேமிக்கும்போது கொடுக்கும் டிபிஐயை, அதாவது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற அளவைப் பொறுத்தது. மங்கலாக்கும் ஃபங்ஷனுக்கு டிபிஐயும் ஒரு மதிப்பாக வரும். அதைக் கணக்கில் சேர்த்து எழுதாவிட்டால் திரையில் ஒரு அளவும் அச்சில் வேறு அளவுமாக மங்கும். மொத்தப் படத்தையும் பிஎன்ஜி ஆக்கிவிடலாமே என்று தோன்றலாம். ஏ1 அளவை 300 டிபிஐயில் எடுத்தால் ஏறக்குறைய 7 கோடி பிக்ஸல். என் மடிக்கணினி அதில் மூச்சு முட்டி நின்றது. கடைசியில் அந்த மங்கல் நிழலும் வேண்டாம் என்று நானே எடுத்துவிட்டேன், மெட்ராஸ் கோட்டுக்கு வெள்ளை ஓரக்கோடு ஒன்றே போதுமாக இருந்தது.

அளவு பற்றியும் சொல்ல வேண்டும். ஓரக்கோடு, நிழலின் நகர்வு, எழுத்தின் உயரம் எல்லாமே பாயிண்டில்தான், 72 பாயிண்ட் ஓர் அங்குலம். படத்தின் அளவை அங்குலத்தில் கொடுக்கிறோம். ஆறு அங்குலப் படத்தில் 3 பாயிண்ட் ஓரம் தடிப்பாகத் தெரியும். அதே நிரலில் அளவை மட்டும் ஏ1க்கு, அதாவது 33.1க்கு 23.4 அங்குலம் என்று மாற்றினால், ஓரம் அதே 3 பாயிண்டாகவே, ஒரு மில்லிமீட்டர் அளவில் நின்றுவிடும், வெளியே தெரிவது அதிலும் பாதி. பத்தடி தள்ளி நிற்கும் பாட்டிக்கு அது இல்லாத மாதிரிதான். ஆகவே முதல் நாளிலிருந்தே கடைசி அளவில் வேலை செய்யுங்கள். நிறத்திலும் ஒரு சின்ன எச்சரிக்கை: மேட்பிளாட்லிப் நிறங்களைத் திரைக்கான ஆர்ஜிபி முறையில்தான் சேமிக்கிறது, அச்சகம் அதை அச்சுக்கான சிஎம்ஒய்கே மைக்கு மாற்றும்போது திரையில் பளபளத்த நீலமும் பச்சையும் மங்கிப்போகும். ஒளிவிடும் கோடுகளை நம்பி வடிவமைத்தால் அச்சில் அவை அழுக்குக் கறை போலத் தெரியும்.

பிள்ளைகளுக்கான சின்னப் படங்களை எக்ஸ்கேசிடி என்ற கையால் வரைந்தது போன்ற பாணியில் போட்டேன், அவர்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. அந்தப் பாணியை ஆன் செய்தால் எல்லாக் கோட்டுக்கும் எழுத்துக்கும் வெள்ளை ஓரம் தானாகச் சேரும், அதோடு அதற்குப் பின் வரையும் படங்களுக்கும் அது தொடரும். பைத்தானின் வித் வாக்கியத்துக்குள் வைத்தால் அந்த ஒரு படத்தோடு நிற்கும். தமிழ் எழுத்தை அந்தப் படங்களுக்குள் வைக்காமல் வெளியே எழுதிவிடுங்கள், காரணம் மேலே சொன்னதுதான்.

அச்சகத்துக்குப் போகும் முன் இப்போது நான் செய்வது இவ்வளவே. பிடிஎஃப்பை வேறொரு கணினியில், வேறொரு மென்பொருளில் திறந்து, நானூறு சதவீதம் பெரிதாக்கி ஒவ்வொரு தலைப்பையும் வாய்விட்டுப் படிக்கிறேன். படத்தின் மிக நெருக்கமான ஒரு மூலையை மட்டும் ஏ4 அளவுக்கு வெட்டி, சுருக்காமல் உண்மை அளவிலேயே, கடைசியில் எந்த அச்சகம் எந்தத் தாளில் அடிக்கப் போகிறதோ அங்கேயே ஒரு துண்டு எடுத்துத் தரச் சொல்கிறேன். அதைச் சுவரில் ஒட்டி, தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்த, படத்தை முன்பே பார்க்காத ஒரு பெரியவரைப் பத்தடி தள்ளி நிறுத்தி, என்ன தெரிகிறது என்று கேட்கிறேன். அந்த மாதிரித் துண்டுக்கு ஆகிற செலவு 80 ரேண்ட்தான்.